கமிஷன் மிச்சம்

கேசட் சுற்றவில்லை. மெர்சி பொத்தானை விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினாள். பக்கத்து வீட்டு லீலாவிடம் கெஞ்சி வாங்கி வந்த டேப்ரெக்கார்டர் உர்ரென்று உறுமியதோடு சரி. எதிரே மாமியார் கிளியம்மாள், காலையில் சர்ச்சுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல் மகன் பேசுவான் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேசட்டைக் கொண்டுவந்த சாம்சன் காப்பி டம்ளரோடு நாற்காலி நுனியில் நெளிந்தான். தண்டலத்துக்காரன், சவுதியில் தமாமில் ஜோயலோடு ஒரே அறையில் இருப்பவன். முந்தாநாள்தான் லீவில் வந்தான். லெட்டர் இல்லை, எல்லாம் கேசட்டில் இருக்கிறது, மெர்சி கையில்தான் கொடுக்க வேண்டும் என்று ஜோயல் சொல்லி அனுப்பியிருந்தானாம்.

ஜோயல் போய் இரண்டரை வருஷம். இந்த வருஷ ஆரம்பத்தில் குவைத் சண்டை நடந்தபோது ஒன்றரை மாதம் லெட்டரே வரவில்லை. பிறகு மொத்தமாக நாலு வந்தன. ஆசையாகப் பிரித்துப் படித்த அன்றைக்குத்தான் மெர்சிக்கு அது உறைத்தது. அவன் எழுதியதெல்லாம் அவள் மனசுக்குள் அவள் குரலிலேயே கேட்டது. அவன் குரல் எப்படி இருக்கும்? கண்ணை மூடிப் பார்த்தாள், வரவில்லை. கட்டின புருஷன் குரல் மறந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் போன லெட்டரில் இரண்டு விஷயம் எழுதினாள். மூன்று பக்கத்துக்குக் கமிஷன் புராணம்: டிராப்ட் எடுக்க அங்கே ஒரு கமிஷன், ஸ்ரீபெரும்புதூர் பேங்கில் போட்டால் அதை மெட்ராசுக்கு அனுப்பிப் பணமாக்க இங்கே ஒரு கமிஷன், போதாததற்கு இருபது நாள் அலைச்சல், நீங்கள் வெயிலில் வெல்டிங் பிடிப்பது இவர்களுக்குக் கொட்டி அழவா, வேறு வழி பாருங்கள். கடைசியில், வெட்கத்தோடு பொடி எழுத்தில், பேசி ஒரு கேசட் அனுப்புங்கள் என்று ஒரு வரி.

கிளியம்மாள் கேசட்டை வாங்கிக் காதோரம் குலுக்கினாள். "உள்ள இன்னாவோ அடச்சிகினு கீதுப்பா."

சாம்சன் சாவிக்கொத்துக் கத்தியால் ஐந்து திருகுகளையும் கழற்றினான். உள்ளே நாடாவே இல்லை. பட்டையாக மடித்த மூன்று ஐந்நூறு ரியால் நோட்டுகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நீ சொன்னபடி வேறு வழி பார்த்துவிட்டேன். கமிஷன் ஒரு பைசா இல்லை. பேச்சு அடுத்த கேசட்டில்.'

"எம் புள்ள மூள யாருக்கு வரும்!" கிளியம்மாள் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூரித்தாள். மெர்சியும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

"இன்னாடி, துட்டு வந்தா யாராவது அழுவாங்களா?"

"அவரு குரலு மறந்துபோச்சு அத்தே." சொல்லவே கூடாது என்றிருந்தது, வாய் தவறி வந்துவிட்டது.

சாம்சன் டம்ளரைக் கீழே வைத்தான். "பேசினான்மா. வியாழக்கெழம ராத்திரி எங்க எல்லாத்தயும் வெளிய தொரத்திட்டு இந்த கேசட்லதான் பேசினான். காலைல பாத்தா கட்டில் பூரா கறுப்பு டேப்பு. இன்னாடான்னேன், சிக்கிகிச்சு, சரி பண்றேன்னான். துட்டு வெக்கத்தான் உருவியிருக்கான்னு இப்பதான் தெரியுது. வெள்ளிக்கெழம, கடையெல்லாம் மூடியிருக்கும், எனக்கு மத்தியானம் பிளைட்டு. வேற கேசட்டுக்கு எங்க போவான்?"

"இன்னா பேசினாரு?"

"கதவு சாத்தியிருந்துச்சு. நடுவுல சிரிச்சான், அதான் கேட்டுச்சு."

"அந்த டேப்பு?"

"தூக்கிப் போட மனசு வரல போல. கெளம்பறப்ப சோப்பு டப்பால கறுப்பா எதையோ சுருட்டி வெச்சான், அதான்."

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலி கேசட்டின் இரண்டு பாதிகளையும் பொருத்தினாள். "திரும்பப் போறப்ப இத எடுத்துகினு போங்கண்ணா. அந்த டேப்பையே இதுல சுத்தி அனுப்பச் சொல்லுங்க. துட்டு பேங்குலயே வரட்டும். கமிஷன் போனா போவுது."

சொல்லிவிட்டு மாமியாரைப் பார்த்தாள். காலணா கமிஷனுக்கும் ஊரைக் கூட்டுகிற மனுஷி. கிளியம்மாள் நோட்டுகளை பைபிளுக்குள் வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

சாம்சன் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். நாலுதான் இருந்தது.

"பரவால்ல, நாலு போதும்," என்றான்.

"போதாது." கிளியம்மாள் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டித் தள்ளினாள். சர்ச்சுப் புடவையோடு தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையால் சிமெண்டைத் துழாவினாள். "ஒண்ணு கொறஞ்சா அவன் பேசுறது ஆடும்."

மெர்சியும் பக்கத்தில் குனிந்தாள். கட்டில் காலடியில் கிழவியின் கை நின்றது. விரலை நாக்கில் தொட்டுத் தரையில் ஒற்றி எடுத்து, மருமகளிடம் நீட்டினாள். விரல் நுனியில் கடுகளவு திருகு ஒட்டிக்கொண்டு மினுங்கியது.