எண்பது நாள் முற்றுகை

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எய்யப்பட்ட அம்பொன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, சலவைக் கடை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கழுத்தில் இறங்கியது. உள்ளே காலர் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, சத்தம் கேட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று மட்டும் ஊருக்குள் முப்பத்தேழு அம்புகள் விழுந்தன.

மறுநாள் அருங்காட்சியக அதிகாரி வந்து அவளிடம் விளக்கினார். பழைய முற்றுகையில் எதிரிப் படை மதிலுக்கு வெளியே நின்று எய்தவை இவை. மரமும் கொம்பும் மாட்டு நரம்பும் சேர்த்து ஒட்டிய வில், நிமிடத்துக்குப் பத்து அம்பு போகும். எப்படியோ வழியில் தாமதமாகி இப்போதுதான் வந்து சேர்கின்றன. முற்றுகை மொத்தம் எண்பது நாள்.

"அவரை எதுக்கு சார் குறி வச்சாங்க?"

"குறியெல்லாம் வைக்கறதில்லம்மா. வானத்தப் பார்த்து மொத்தமா விடுவாங்க. கீழ யார் இருந்தாலும் சரிதான்."

அவள் தலையாட்டினாள். அழுகை வருமென்று இரண்டு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. மூன்றாம் நாள் திறந்துவிட்டாள்.

ஊரும் பழகிக்கொண்டது. ஆட்கள் தலைக்கு மேல் பலகை பிடித்து நடந்தார்கள். பேருந்துக் கூரைகளுக்கு இரட்டைத் தகரம் அடித்தார்கள். சில நாட்கள் ஒன்றுமே விழாது. அன்றைக்கு அங்கே, முற்றுகைக் களத்தில், மழை பெய்து நாண் நனைந்திருக்கும் என்றார் அதிகாரி. அந்த நாட்களில் அவள் போர்வைகளை மொட்டைமாடியில் உலர்த்தினாள். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் பட்டது, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். "கிளம்பி எங்கிட்ட வந்துடும்மா. அங்க என்ன இருக்கு உனக்கு?"

"இன்னும் முப்பத்தொம்பது நாள் இருக்குடி. அப்புறம் பாக்கலாம்."

"நீ அழுதியா இல்லையாம்மா?"

"துணியெல்லாம் குவிஞ்சு கிடக்கு, வச்சிடட்டுமா?"

எண்பதாம் நாளின் கடைசி அம்பு மருந்துக் கடைப் பலகையில் தைத்தது. மறுநாள் காலை அந்தப் படையே ஊருக்குள் வந்தது. அம்பு தீர்ந்து, கன்னம் ஒட்டி, வரிசை கலைந்து நடந்து வந்தார்கள். யாரும் ஓடவில்லை. அவர்கள் கடந்து போகும்வரை பேருந்துகள் நின்றன.

அந்தப் படையாட்களில் ஒருவன் சலவைக் கடைப் படியேறினான். நாண் இழுத்து இழுத்து வலது தோள் புடைத்திருந்தது. விரல்கள் மரத்துப்போனதால் சட்டை முடிச்சை அவிழ்க்க வரவில்லை. அவளே அவிழ்த்துவிட்டாள். அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. அவனுக்கே தெரிந்திருக்காது என்று விட்டுவிட்டாள்.

"எப்ப வேணும்?"

"நாளைக்குக் கிடைக்குமா?"

"பன்னெண்டு மணிக்கு மேல வா. மாத்துக்கு வேற சட்டை இருக்கா?"

இல்லை என்றான். யாரும் வாங்க வராத துணிகளிலிருந்து கோடு போட்ட சட்டை ஒன்றை எடுத்து உதறிக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு நின்றான். மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டனாக அவளே போட்டுவிட்டாள்.