துக்க வீட்டுக்கு ஒல்லியான புத்தகம்

என் மனைவி எல்சி புத்தகம் வாசித்தால் ரயில் நிற்கும். பூதலூரில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று, ஒருநாள் மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுப் பின்புறம் ஆறு நிமிடம் நின்றது. சிக்னல் கோளாறு என்று ரயில்வேக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்? எல்சி அப்போது குடும்ப ஜெபத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். வண்டி முழுக்க ஜன்னலோரம் தலைகள். அவள் புத்தகத்தை மூடினாள், வண்டி கிளம்பியது. நான் கண்ணால் பார்த்தவன்.

கல்யாணமான நாளிலிருந்து முப்பத்து நான்கு வருடமாக ஏழு மணி ஜெபத்தில் எங்களுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. வாசிப்பது அவள், கண்ணை மூடிக்கொள்வது நான். நான் குறட்டை விடுவதாக அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். எல்சிக்கு எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு.

அந்தக் குரல் மாசி மாதம் நின்றுபோயிற்று.

எல்சியின் தங்கை ஃபெபி மயிலாடுதுறையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். பதினோரு மாதம். தினமும் காலையில் எல்சி அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்திலிருந்து வாசிப்பாள். எந்த நோயும் குணமாகும், விசுவாசித்தால் போதும் என்று பக்கத்துக்குப் பக்கம் அடித்துச் சொல்லும் புத்தகம். அட்டையில் தங்க எழுத்து. ஃபெபி கண் கொட்டாமல் கேட்பாள். மாசி பதினெட்டாம் தேதி இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஏழு மணிக்கு எல்சி விளக்கைப் போட்டாள், டிவியை அணைத்தாள், ஜெபப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இனிமே நீங்க வாசிங்க. எனக்குத் தொண்ட சரியில்ல."

அழவில்லை. கோபப்படவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. தொண்டை மட்டும் ஐந்து மாதமாகச் சரியாகவில்லை. கத்தரிக்காய்க்காரனிடம் பேசும்போது நன்றாக இருந்தது. என்னிடம் பேசும்போது அதைவிட நன்றாக இருந்தது.

நான் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பத்தாறு வருடம் சுற்றறிக்கை வாசித்த நாக்கு எனக்கு. ஒருநாள் கிருபையைப் பற்றி இரண்டு பத்தி வாசித்து முடித்ததும் எல்சி கேட்டாள்.

"ஏங்க, ஏக்கருக்கு எத்தன கிலோ கிருப போடணும்?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"நீங்க வாசிச்சது அப்பிடித்தான் இருந்துச்சு. அடியுரமா, மேலுரமான்னும் சொல்லிடுங்க."

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. நான் பக்திமான் இல்லை. அவள் குரலுக்குப் பின்னால் டிக்கெட் வாங்காமல் ஏறி உட்கார்ந்து இத்தனை தூரம் வந்தவன். அவள் இறங்கிவிட்டால் நானும் அங்கேயேதான் இறங்க வேண்டும். அறுபத்தாறு வயதில் அது என்ன ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

இதற்குள் துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் புத்தகம் கொண்டுவந்திருந்தார்கள். நூற்றுப் பதினொன்று வந்தது. எல்சி எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்கிறாள். எல்லா அட்டையிலும் கடலுக்கு மேல் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஜோஸ்வா ஐயரும் தன் பங்குக்கு ஒரு சூரியனைத் தந்துவிட்டுப் போனார். எல்சி எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கினாள். வாங்கி, பால் பாத்திர மூடிமேல் அடுக்கினாள். அதற்குப் பிறகு பூனை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஆடி பிறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மற்றவர்கள் கொண்டுவந்தது போதும். எல்சிக்கு வேண்டிய புத்தகத்தை நானே தேடிப் பிடிக்க வேண்டும். தஞ்சாவூருக்கு ரயிலேறினேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடை உண்டு. அங்கே இருபத்திரண்டு வருடமாக விற்பனையில் நிற்பவர் தியாகேசன். நெற்றி நிறைய விபூதி. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார். நாகப்பட்டினத்திலிருந்து பிஷப்பே வந்து இவரிடம் சந்தேகம் கேட்டதாக நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார்.

"வாங்க சார். யாருக்கு?"

"வீட்டுக்காரம்மாவுக்கு. தங்கச்சி தவறிப்போச்சு."

"அழுவுறாங்களா, அழ மாட்டேங்கறாங்களா?"

"அழல."

"அப்ப அந்தப் பக்கம் போவாதீங்க, அதெல்லாம் அழுவுறவங்களுக்கு" என்று சூரியன்கள் வரிசையாக உதித்திருந்த அலமாரியைக் காட்டினார். "இங்க வாங்க. ஒல்லியா எடுங்க சார். துக்க வீட்டுக்குத் தடியா குடுத்தா, குடுத்தவன் மேலதான் கோவம் வரும்."

"நீங்க இதெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"படிக்க எங்க நேரம்? வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வர்றப்ப மூஞ்சியப் பாப்பேன். அதுலயே தெரிஞ்சிடும்."

நான் என் தொழில் முறையில் இறங்கினேன். விதை மூட்டையைச் சோதிப்பவன் வாயில் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுக்க வேண்டும். மேலாக மட்டும் அள்ளிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு விவசாயி சாபம் விடுவான். அப்படியே ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்று இடத்தில் வாசித்தேன். ஒன்று, ஃபெபி இறந்தது நமக்குப் பாடம் கற்பிக்க என்றது. மூடினேன். இன்னொன்று, இதைவிடப் பெரிய ஆபத்திலிருந்து கடவுள் அவளைக் காப்பாற்றிவிட்டார் என்றது. என்ன ஆபத்து, மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டா? மூடினேன். மூன்றாவது, விசுவாசக் குறைவு என்றது. அதை நான் தரையில் போட்டதாகத் தியாகேசன் சொல்கிறார். கை தவறியது.

இப்படி ஒரு ஆயிரம் புத்தகம் தேறாமல் போனபின், ரயிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கடைசியாக ஒரு ஒல்லிப் புத்தகம் கையில் வந்தது. அட்டையில் படமே இல்லை. முதல் பக்கத்தில் எழுதியவர், 'என் மகனைப் புதைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்' என்று ஆரம்பித்திருந்தார். தலைப்பையும் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர் மேல் குற்றம் இல்லை. நடுவிலும் அடியிலும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

எல்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூரியன் இல்ல."

"இல்ல."

"சரி, வாசிங்க."

நாளைக்கு ஒரு அதிகாரம் வீதம் நான்கு நாள் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாம் நாள் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. மூன்றாம் நாள், எழுதியவருடைய மனைவி சமையலறையில் நின்று மகனுடைய தட்டைக் கழுவிக்கொண்டே இருந்த இடம் வந்தபோது, "அத திரும்ப வாசிங்க" என்றாள். நான் திரும்ப வாசித்தேன். இந்த முறை அவள் உரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் முடிவில், "நாளைக்கு என்ன அதிகாரம்?" என்று அவளாகக் கேட்டாள்.

"தலைப்பு 'ஏன்?'னு போட்டிருக்கு."

எல்சி எழுந்துகொண்டாள். "இவராவது ஒழுங்கா சொல்றாரா பாப்போம். இவரும் மத்தவங்க மாதிரியே சொன்னாருன்னா, போதுங்க. இனிமே ஏழு மணிக்குப் புஸ்தகம் வேணாம். சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சிடுவோம்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் மறுநாள் முழுக்கச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

ஏழு மணி. எல்சி கண்ணை மூடினாள். நான் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தேன். 'ஏன் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். என் மகன் இறந்த காரணம்' என்ற இடத்தில் பக்கம் முடிந்தது. திருப்பினேன்.

வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. மறுபக்கம் திருப்பினேன். வெள்ளை. கட்டை விரலால் ஓட்டிப் பார்த்தேன். பதினாறு பக்கம். அச்சகத்தில் ஃபாரம் என்கிற மடித்த தாள் ஒன்று அச்சே ஏறாமல் வந்து, அப்படியே தைத்துவிட்டிருக்கிறார்கள்.

"என்ன நிறுத்திட்டீங்க?"

"தும்மல் வருது."

"தும்முங்க."

தும்மினேன். நல்ல தும்மல். ஆனால் தும்மலை எவ்வளவு நேரம் நீட்டுவது? சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று துணிந்தேன். பொய் எனக்குப் புதிதா? பதினாறு பக்கம் என்ன, நூற்றறுபது பக்கம் அளப்பேன்.

"காரணங்கள் மூன்று" என்று வாசிப்பதுபோல் ஆரம்பித்தேன். "முதல் காரணம் என்னவென்றால்…"

எல்சியின் இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. வாங்கிக்கொள்வதற்கு வைத்ததுபோல் இருந்தன. எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வரவில்லை.

"முதல் காரணம் எனக்குத் தெரியாது" என்றேன். "இரண்டாவது காரணமும் தெரியாது. மூன்று என்று சொன்னது ஒரு பேச்சுக்கு."

வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன்.

"சிலர் பதினோரு மாதம் ஜெபிக்கிறார்கள். கேட்டது கிடைப்பதில்லை. அவர்கள் ஜெபித்த முறையில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த கணவனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் வாயைத் திறந்து மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. அவன் எல்லாவற்றையும் பற்றி ஓயாமல் பேசுகிறவன், இதை மட்டும்…"

எல்சி கண்ணைத் திறந்தாள்.

"கணவன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"பக்கத்து ரூம்ல படுத்திருந்தான்னு?"

"ஆமா."

"எத்தனாம் பக்கம்?"

"எண்பத்தொண்ணு."

"குடுங்க."

கொடுத்தேன். வேறு வழியில்லை. திட்டுக்குத் தயாராகக் கைகளைக் கட்டிக்கொண்டேன். அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். திருப்பினாள். ஒவ்வொன்றாகப் பதினாறையும் திருப்பினாள். பிறகு முதல் வெள்ளைப் பக்கத்துக்கே வந்து, இல்லாத வரியின் கீழே விரலை வைத்தாள்.

"ஆண்டவரே" என்று வாசித்தாள்.

அதே குரல். கரகரப்பு இல்லை, அடைப்பு இல்லை.

"ஆண்டவரே, நான் என் தங்கைக்குத் தினமும் வாசித்தேன். குணமாகும் என்று வாசித்தேன். என் குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதனால அவ நம்பினா." விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. "அவளுக்கு வலிச்சுது. வலிக்குதுன்னு சொன்னா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்னு பயந்துகிட்டு, வலிக்கலக்கா, வலிக்கலக்கான்னு சொன்னா. பல்லக் கடிச்சிகிட்டுச் சொன்னா. நானும் சரின்னு அடுத்த பக்கம் திருப்பினேன். புஸ்தகத்த மூடி வச்சிட்டு, ஃபெபி, ரொம்ப வலிக்குதாடின்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

பக்கம் முடிந்ததுபோல் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் அவள் கடவுளிடம் கேட்ட சில கேள்விகள் இருந்தன. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றுக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அழுதுகொண்டேதான் வாசித்தாள். ஆனால் ஒரு வார்த்தை விழுங்கவில்லை. நாலு பக்கமோ ஐந்து பக்கமோ வாசித்திருப்பாள். பிறகு மீதி வெள்ளையை மொத்தமாகத் தள்ளி, அச்சு ஆரம்பிக்கும் பக்கத்துக்கு வந்தாள். அதில் முதல் வரியை வாசித்தாள்.

"'மேற்கண்ட விளக்கத்தால் வாசகரின் சந்தேகம் முற்றிலும் நீங்கியிருக்கும்.'"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று எங்களுக்குள் இன்றுவரை வழக்கு நடக்கிறது. எல்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டு இருதயம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னாச்சு எல்சி, ஜெபந்தானே பண்றீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, ஜெபந்தான்" என்றாள் எல்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இருதயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

புத்தகத்தை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். 'எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்று நான் அறிந்துகொண்டேன்' என்று எழுதியிருந்தார். அதை முழுக்க, நிறுத்தி, நிதானமாக வாசித்துவிட்டு, "இல்லைங்க ஐயா" என்று புத்தகத்திடமே சொன்னாள். அதற்கடுத்த வரி, 'ஆனாலும் இரவில் அவனுடைய செருப்பை எடுத்து வைக்க என்னால் முடியவில்லை.' "இது உண்ம" என்றாள். இப்படி ஒவ்வொரு வரிக்கும் நின்று, சண்டை போட்டு, ஒத்துக்கொண்டு, மறுபடி சண்டை போட்டு, அந்த அதிகாரத்தை முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சோறு ஆறிப்போயிற்று. எனக்கு அந்த முக்கால் மணியும் தூக்கம் வரவில்லை. இதை எல்சியே சாட்சி சொல்வாள்.

கடைசி வரியை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆமென் சொல்லுங்க."

"எதுக்குச் சொல்றது? அவரு எழுதுனதுக்கா, நீ இல்லைன்னதுக்கா?"

எல்சி கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"ரெண்டுக்கும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.