நிரோஜாவின் மூளையும் ஒரு வைரஸின் மூலையும்

1

ஒரு லகரப் பிழையில் பிறந்த கதை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் அக்கா வீட்டில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் மகள் நிரோஜா பல்கலைக்கழகத்தில் பெரிய வைரஸ்களை ஆராய்கிறாள். பக்கத்தில் வந்திருந்து குசுகுசுத்தாள்: “சித்தி, மூளையில ஏதோ துருத்திக்கொண்டு நிக்குது. அம்மாட்டச் சொல்லாதேங்கோ.”

நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பியதும் அழுதழுது எழுதத் தொடங்கினேன்.

தொடக்கம் ஒன்று: அவளுடைய மூளையில் நிழல் விழுந்த அன்று மொன்றியலில் பனி

[விட்டேன். அன்று நல்ல வெயில்.]

தொடக்கம் இரண்டு: மருத்துவர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து

[போதும். பிள்ளையையே கேட்போம்.]

2

தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்ர மூளை இல்லை சித்தி, வைரஸின்ர மூளை! கோர்னர்!”*

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதை போய்விட்டதே என்று கொஞ்சம் கவலையும் வந்தது. எழுத்தாளர்கள் அப்படித்தான்.

(* இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு லகரமும் ளகரமும் ஒன்றுதான். பிரெஞ்சில் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாது.)

விஷயம் இதுதான். அவளுடைய வைரஸ் குளத்துப் பாசியைத் தாக்குவது. எங்களை ஒன்றும் செய்யாது. அதன் டி.என்.ஏ.யைச் சுற்றி, முட்டைக்கோது போல, புரதத்தால் ஒரு கோது. இருபது முக்கோணங்கள் பன்னிரண்டு மூலைகளில் சந்திக்கும். நுண்ணோக்கியில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் உருவம் தெளியும். பன்னிரண்டு மூலையும் ஒரே மாதிரி என்று கணினிக்கு முதலே சொல்லிவிடுவார்களாம். ஒன்று வேறாக இருந்தாலும் மற்றப் பதினொன்றோடு கரைந்துவிடும்.

ஒருநாள் நிரோஜா அப்படிச் சொல்லாமல் விட்டுப் பார்த்தாள். ஒரு மூலையில் ஏதோ துருத்தி நின்றது. டி.என்.ஏ. வெளியேறும் கதவாக இருக்கலாம். வேறு சில பெரிய வைரஸ்களில் அப்படி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். வெறும் தூசியாகவும் இருக்கலாம். ஆனால் தன் வைரஸில் அப்படி எதுவும் இல்லை என்று ஆய்வேட்டில் ஏற்கெனவே எழுதியே முடித்துவிட்டாள்.

3

கதைக்கு வில்லன் வேண்டும். அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சென்னைப் பிள்ளை சரத்தைப் பிடித்தேன்.

“விடுங்க நிரோஜா, ஆவரேஜ்ல காணாமப் போயிடும்,” என்றான் சரத், மீசையை முறுக்கியபடி.

வரைவை வாசித்த நிரோஜா எழுதியிருந்தாள்: “சரத்துக்கு மீசையே இல்லை. அவர் என்னில பாவப்பட்டுத்தான் சொன்னவர்.”

உண்மைதான். கிளறினால் எல்லாக் கணக்கையும் திரும்பச் செய்ய வேண்டும்; பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அக்காவோ பட்டம் பெறுவதைக் கொண்டாடக் கோடைக்கு மண்டபம் பிடித்து, முருகன் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் “மகள் டொக்டர்” என்று சொல்லியும் முடித்துவிட்டார்.

[பனி, கண்ணீர், மீசை. உலகத்துக் கதைகளை எல்லாம் அடுக்கிச் சராசரி எடுத்தால் வருவது இவைதான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

4

வெள்ளிக்கிழமை ஆய்வுகூடக் கூட்டம். “வேறு ஏதாவது உண்டா?” என்று பேராசிரியை கேட்டார். எல்லோரும் மடிக்கணினியை மூடினார்கள். நிரோஜா கை தூக்கினாள்.

முடிவு அ: கதவேதான். கைதட்டல். புதுத் தேதி கேட்டு அக்கா மண்டபத்துக்காரரோடு சண்டை.

முடிவு ஆ: தூசி. ஒரு வருடம் வீண். சரத் கோப்பி வாங்கிக்கொடுக்கிறான்.

இரண்டையும் அனுப்பிவிட்டு அவளை அழைத்தேன்.

“கணக்கு இன்னும் முடியேல்லை சித்தி. எனக்கே தெரியாது.”

“அம்மாட்டச் சொல்லிட்டியே?”

“ஓம். முதல் கத்தினவா. பேந்து, ‘எங்க, அந்த மூலையைக் காட்டு’ எண்டவா.”

“அப்ப நான் எந்த முடிவைப் போட?”

“எதையெண்டாலும் போடுங்கோ. நான் கை தூக்கினதை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ. தூக்க முதல் எவ்வளவு யோசிச்சனான் தெரியுமே?”

வெட்டவில்லை. கதவோ தூசியோ, உங்களுக்குப் பிடித்ததை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய கை மேலேயே இருக்கட்டும்.