இடது பொத்தான்

"ஊட்டுக்குள்ள முகம் வரையாதீங்க. வரைஞ்சா வானத்துல இருந்து மலக்குமார் எறங்கி வரமாட்டாங்கன்னு வாப்பா சொல்லுவாரு."

"அப்ப உங்க வாப்பாட மூக்க மட்டும் வரையட்டா?"

கல்யாணமான புதிதில் காமிலாவும் ஜௌபரும் இப்படிப் பேசிச் சிரித்தார்கள். மாமனார் வீட்டில் இருந்ததால், பத்திரிகைக்கான கார்ட்டூன்களை அவன் பதுளை பஸாரில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தே வரைந்தான். அவன் வரைந்த தோட்டத்துத் துரைமாரின் தொப்பைகளைப் பார்த்து ஊரே சிரித்தது.

அந்தக் கடையில், இரண்டு பக்கப் பொத்தான்களை அமுக்கிப் பந்தைக் கீழே விழாமல் தட்டிவிடும் பின்போல் மெஷின் ஒன்று இருந்தது. மகள் மர்ழியாவை ஸ்டூலில் ஏற்றி, இடது பொத்தானை அவளுக்குக் கொடுப்பான். வலது பொத்தான் அவனுக்கு. பந்து தவறினால், "வாப்பா, தூங்குறீங்களா?" என்று அதட்டுவாள்.

ஆறு வயதில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை.

அதன் பிறகும் ஜௌபர் விளையாடினான், வலது கையால் மட்டும். இடப்பக்கம் வந்த பந்தை விழ விட்டான். காமிலாவுக்கு அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மாதக்கணக்காக வாய் வரவில்லை.

ஒருநாள் அவளே கடைக்குள் வந்து அவனருகில் நின்றாள்.

"அவட முகம் எனக்கு மறந்து போகுது. வாப்பா ஏசினா ஏசட்டும். ஊட்டுல வச்சு அவள வரைஞ்சு தாங்க."