முளைக்குச்சி மேல் வல்லூறு

எமர்ஜென்சி வந்த வருஷம், ஆடி மாசம். திருத்தணி மலையடிவாரத்தில் நெசவாளி நாகேந்திரன் விடிந்ததும் தெருவில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட வந்தால், பாவைக் கட்டும் முளைக்குச்சி மேல் ஒரு வல்லூறு உட்கார்ந்திருக்கும். கையை வீசினாலும் பறக்காது. அவன் வீட்டு வாசலையே பார்க்கும். உள்ளே நிறைமாசமாகப் படுத்திருந்த அவன் பெண்டாட்டி வரலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஏற்கெனவே ரெண்டு பெற்று, ரெண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். இதாவது தங்கணும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

எதிர்வீட்டுத் தாயம்மாள் கோழி வளர்க்கிறவள். அவள் வாய் சும்மா இருக்குமா? "இன்னாடா வேடிக்க பாத்துகினு நிக்கிற? என் கோழிக்குஞ்சத் தூக்கினு போனது போதாதுன்னு இப்ப உன் வாசல நோட்டம் உடுது. அடிச்சுப் போடு!"

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிர் எடுக்கக்கூடாது. அது அந்தத் தெருவில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் பயம் முற்றிப்போய் வரலட்சுமியே இறங்கி வந்தாள்.

"அடிச்சுடு பாவா. அது பாக்கற பார்வ எனக்குத் தாங்கல. ஆனா ரெண்டு வருது. குஞ்ச மட்டும் தொட்டுடாத. புள்ளயப் பறிகொடுக்கறது எப்டின்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெண்டு வந்தது வாஸ்தவம்தான். ஒன்று புறா அளவு, இன்னொன்று அதைவிடச் சின்னது. நாகேந்திரன் ஒரு விநாடி யோசித்திருப்பானா? மாட்டான். தனக்குத் தெரியாததும் உலகத்தில் உண்டு என்று ஒத்துக்கொள்கிற ஆளே இல்லை அவன். கோழியில் பெரிசு தாய், சின்னது குஞ்சு; வல்லூறுக்கு மட்டும் வேறு சட்டமா என்று உண்டிகோலை எடுத்தான். பெரிசு ஒரே கல்லில் பாவின் மேல் விழுந்தது.

எடுத்துப் பார்த்தான். தலையில் குஞ்சுப்பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகு பழுப்பு. கண் வெளிறின மஞ்சள். வெள்ளை நெஞ்சில் பழுப்புப் புள்ளிகள் பாவு நூல் மாதிரி மேலிருந்து கீழாக, நெடுக்காக ஓடின. நிமிர்ந்தான். கூரை மேல் சின்னது உட்கார்ந்திருந்தது. சாம்பல் முதுகு, நெஞ்சில் ஊடை போட்டது போலக் குறுக்குக்கோடு, ரத்தச் சிவப்புக் கண்.

"அடப்பாவி!" தாயம்மாள் உள்ளே கேட்காதபடி அடிக்குரலில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். "வல்லூறுல ஆணு சிறுசுடா. பொட்டக்குஞ்சு வளந்தா அப்பனவிடப் பெருசா இருக்கும். கூரை மேல கீறதுதான் அப்பன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

குழி தோண்டிப் புதைத்துவிட்டு, "தாயத்தான் அடிச்சேன், குஞ்சு பறந்துட்ச்சு" என்று பெண்டாட்டியிடம் கூசாமல் சொன்னான்.

அப்பன் வல்லூறு போகவில்லை. தினம் ஒரு ஓணானைக் கொண்டுவந்து முளைக்குச்சியில் வைத்துக்கொண்டு, "கீ... கீ..." என்று குஞ்சைக் கூப்பிடும். காத்திருக்கும். வராது என்று தெரிந்ததும் ஓணானை விட்டுவிட்டுப் பறந்துவிடும். வரலட்சுமி பார்ப்பதற்குள் அதை எடுத்து எறிவதே நாகேந்திரனுக்கு வேலையாகிவிட்டது.

ஆடிக் கிருத்திகை அன்று, காவடிகள் மலையேறும்போது பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு! நாகேந்திரன் மலையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதான். ஆனால் குழந்தை அழவில்லை. உதட்டைப் பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருந்தது. தேன் தடவியும் திறக்கவில்லை. மருத்துவச்சி கையைப் பிசைந்தாள்.

வெளியே "கீ... கீ..." என்றது.

குழந்தை குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, வாயை அகலமாகப் பிளந்தது. வரலட்சுமி சட்டென்று மார்பில் சேர்த்தாள். பால் இறங்கியது. அப்புறம் எல்லா வேளையும் இதே கதைதான். வல்லூறு கத்தினால் குழந்தை குடிக்கும், இல்லாவிட்டால் பட்டினி. கல்லெடுத்த அதே ஆள் இப்போது வாசலில் நின்று, "வா சாமி, ஒரு தடவ கத்திட்டுப் போ" என்று கெஞ்சினான்.

ஒருநாள் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"குஞ்சு தானா வேட்டைக்குப் போற வயசு வந்துட்டா அப்பன் வெலகிக்கும்" என்றாள் தாயம்மாள். "அந்தக் காலம் முடிஞ்சிருக்கும். இனிமே வராது."

குழந்தை துவண்டு கிடந்தது. வரலட்சுமி அதன் மூடிய உதட்டையே பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ அடிச்சது குஞ்சுதானே பாவா?"

இனி மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. ஆங் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கீ... கீ..." என்று அவன் வாயிலிருந்தே வந்தது.

வரலட்சுமி நடுங்கிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் பேசப் பார்த்தான். மறுபடியும் அதுவே வந்தது. அவள் மடியில் குழந்தை அப்பன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.