அவரைப் பந்தலில் கறுப்புப் பூச்சி

நூம்பல் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் அவரைப் பந்தல் போட்டவர் தோட்டக்காரர் வேம்புலி. கொடி முழுக்கச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டபோது, மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடப் போனார் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத். அந்த ஆள் வந்தால் தோட்டத்தையும் அவனே பார்த்துக்கொள்வான், வேம்புலிக்கு வேலை இல்லை.

"பொறிவண்டு வந்துகீது சார். அதுவே அசுவினிய தின்னு தீத்துடும். ஒரு வாரம் குடுங்க" என்று வேம்புலி கெஞ்சி வாங்கிய கெடு இன்றோடு சரி. அசுவினி குறையவில்லை. போதாததற்கு, உடம்பெல்லாம் முள்ளும் ஆரஞ்சுப் பொட்டுமாக ஏதோ கறுப்புப் பூச்சி வேறு. அதை இரண்டு நாளாகக் கட்டைவிரலால் நசுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

இன்றும் ஒன்றின் மேல் விரலை வைக்கப் போனவர் நின்றுவிட்டார். அது அசுவினி ஒன்றைக் கவ்வியிருந்தது. அசுவினியின் கால்கள் துடித்தன. பக்கத்து இலையைத் திருப்பினார். பொறிவண்டு இட்டிருந்த மஞ்சள் முட்டைக் கொத்து வெடித்து, அதே கறுப்புப் பூச்சிகள் பொடிப்பொடியாக ஊர்ந்து வந்தன.

வேம்புலி இரண்டு நாளாகக் கொன்றது வண்டின் குஞ்சுகளை.

லிப்ட் கதவு திறந்தது. ஸ்ரீநாத் கையில் போனோடு வந்தார்.

"ஏனுங்க வேம்புலிண்ணா, இருக்கற பூச்சி பத்தாதுன்னு புதுசா வேற வளத்தறீங்களாட்ட இருக்குது?"

"இது வண்டோட குஞ்சு சார். இதான் நெறைய தின்னுது."

"அப்புறம் ஏன் அசுவினி அப்படியே இருக்குது?"

வேம்புலிக்குப் பொய் ஒன்று வாய் வரை வந்தது. ஸ்ரீநாத்தின் போன் அடித்தது, எடுத்தார். மருந்துக்காரன் கீழே கேட்டில் நிற்கிறானாம்.

"நான்தான் சார் நசுக்கிட்டேன்" என்றார் வேம்புலி. "இன்னான்னு தெரியாம. ரெண்டு நாளா."

ஸ்ரீநாத் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து இலையைப் பார்த்தார். கறுப்புப் பூச்சி, தின்று முடித்த அசுவினியின் வெறும் தோலை உதறிவிட்டு அடுத்த அசுவினியைப் பிடித்தது. போனில் மருந்துக்காரன் 'அலோ, அலோ' என்றான்.

"இன்னிக்கு வேண்டாமுங்க. வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று போனை வைத்த ஸ்ரீநாத், நிமிராமலே சொன்னார்: "அதுவரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க. பந்தல்ல நீங்க கையே வெக்கக்கூடாது."

வேம்புலி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.