நாற்பது வெள்ளைக் கோட்டுகளும் ஒரு கன்டெய்னரும்

கம்ப்யூட்டரைச் சலவைக்காரர் ஒருநாளும் நம்பியதில்லை. துணியில் குத்தும் சீட்டில் எண் மட்டும் போதும், யாருடையது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் என்று மருமகள் சொன்னபோதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த டேட்டாபேஸ் ஓடுவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் கன்டெய்னர் என்ற பெட்டிக்குள்ளாம். இன்று காலை அவள் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்தாள். திறந்து பார்த்தால் ஒரு பெயர்கூட இல்லை. கழுவிக் கவிழ்த்த தொட்டி மாதிரி இருந்தது.

கொடியில் பாட்டுக் குழுவின் நாற்பது வெள்ளைக் கோட்டுகள். ஆறு மணிக்கு மேடை. நாலரைக்கே குழு மொத்தமும் வந்து இறங்கி, ஆளாளுக்குக் கைக்குக் கிடைத்ததை மாட்டியது. தடித்த ஒருவரைக் கோட்டிலிருந்து உரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒல்லியான பெண்மணி ஒருத்தி கோட்டுக்குள் காணாமலே போனாள். யாரோ சிரிக்க, கடையே குலுங்கியது. சலவைக்காரர் மட்டும் போய்த் தெருக்கதவைச் சாத்தினார். இது வெளியே தெரிந்தால் இனி யார் இங்கே துணி போடுவார்கள்?

"பெட்டியோட உள்ள இருந்ததையும் சேத்தா எறிஞ்ச?" என்றார். ஆள் வராத மூட்டையைக்கூட மூன்று வருஷம் பரணில் வைத்திருப்பவர் அவர்.

கீபோர்டில் மருமகளின் விரல் நின்றது. பெட்டியை எறிந்தாலும், விவரம் கிடக்கும் வால்யூம் என்ற தனிச் சேமிப்பிடம் தானாக அழியாது. அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அதனால்தான் புதுப்பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. தேடினாள். பெயரில்லாமல் ஐந்து கிடந்தன.

"எது நம்மளதுன்னு தெரியலையே, மாமா."

"கனமானதா பாத்துத் தூக்கும்மா."

அளவு பார்த்துப் பெரியதை மாட்டினாள். நாற்பது பெயரும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக அவள் வாசிக்க, கோட்டுகள் தலைக்கு மேல் கைமாறின. ஐந்தரைக்குக் குழு பாடிக்கொண்டே படியிறங்கியது.

அப்புறம் எல்லா விவரத்தையும் பெயர் வைத்த வால்யூமுக்கு மாற்றி, இனி எந்தப் பெட்டி வந்தாலும் இதையே மாட்டிக்கொள்ளும் என்றாள். சலவைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்க, பெட்டிய எறி பாப்போம்."

எறிந்தாள். புதுப்பெட்டி வந்தது, பெயர்களும் வந்தன. ஏமாற்றுகிறாளோ என்று மூன்றாவது முறை அவரே பட்டனை அழுத்தினார். ஒன்பதாவது முறை சிரிப்பில் மூச்சு வாங்கியது. கடை பூட்ட நேரமாச்சு என்று மருமகள் சொல்லச் சொல்ல, பத்தாவதுக்கு விரலை நீட்டினார்.